எட்டு பைட் எல்லையும் கொடைக்கானல் சூரியனும்

எட்டு ஜிபி நினைவகம் என்று சொல்லி விற்கப்பட்ட மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டு, மொத்த நினைவகம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஏழரைச் சொச்சம் என்று பதில் வரும். நீங்கள் இன்னும் எந்த நிரலையும் திறக்கவில்லை. மீதி எங்கே போனது? ஒரு பங்கு திரைக்குப் படம் வரையும் சில்லுக்குப் போகிறது. ஒரு பங்கைக் கணினியின் பலகைக்குள்ளேயே எழுதப்பட்ட மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு பங்கை நாமே காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்: 128 எம்பி. நினைவகத்தில் எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று குறித்து வைப்பதற்கே இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் இடம் அது.

தரவுக்கு ஆகும் இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தத் தரவைப் பற்றிய குறிப்புகளுக்கு ஆகும் இடம் பேச்சில் வருவதே இல்லை. அந்தக் குறிப்புகள் எப்படி வீங்குகின்றன, எப்படி இளைக்கின்றன என்று பார்க்க நல்ல உதாரணம் ஒன்று பழனி மலைத்தொடரில் இருக்கிறது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வானியல் பணிகள் 1899-இல் அங்கே இடம் மாறின. 1901-இல் சூரியனைக் கவனிக்கத் தொடங்கினார்கள். சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டது இங்கேதான். உலகப் பாடநூல்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்துப் ஒளிப்படத் தகடுகளிலும் பிலிமிலும் சேர்த்துவைத்தார்கள். ஒரே இடத்திலிருந்து, பெரும்பாலும் ஒரே கருவிகளால், நூறு ஆண்டுக்கு மேல் எடுத்த இப்படிப்பட்ட தொடர் உலகில் மிகச் சில ஆய்வகங்களிடமே உண்டு. அந்தத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ம வடிவுக்கு மாற்றியது. அதற்குப் பயன்பட்ட கேமராவின் உணரி குறுக்கே 4,096 புள்ளிகளும் நெடுக்கே 4,096 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 16 பிட்களில், அதாவது 65,536 படிகளில் அளக்கப்பட்டது.

கணக்கு இங்கே தொடங்குகிறது. 4,096 வரி, வரிக்கு 4,096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். ஒரு சூரியப் படத்துக்கு 3,35,54,432 பைட், சரியாக 32 எம்பி. இதில் கை வைக்கக் கூடாது. 16 பிட்டை 8 ஆக்கினால் பாதி இடம் மிஞ்சும் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சூரிய விளிம்பில் கால்சியம் ஒளியில் மங்கலாகத் தெரியும் வலைப்பின்னலின் வேறுபாடுகள் அந்தக் கூடுதல் பிட்களில்தான் இருக்கின்றன. நூறாண்டு உழைப்பை அங்கே சுருக்குவது சிக்கனம் ஆகாது. நாம் தேடும் மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது.

இப்படி ஒரு கேமராவை லினக்ஸ் கணினி ஒன்றோடு இணைப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்கு இயக்கி என்று பெயர். கணினிக்காரர்கள் டிரைவர் என்பார்கள். அச்சுப்பொறிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று என்று உங்கள் கணினியில் இப்போதே பல இயக்கிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் வேலை செய்பவை. அதனால் ஒரு கட்டுப்பாடு வருகிறது. உங்கள் உலாவி நிறைய இடம் பிடித்தால் அதில் ஒரு பகுதியை வட்டுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கெர்னல் தனக்கென்று எடுத்துக்கொண்ட நினைவகத்தை அப்படித் தள்ள முடியாது. இயக்கி எடுத்த ஒவ்வொரு பைட்டும், அது விடும் வரைக்கும், மற்ற எல்லோருக்கும் இல்லாத பைட்.

இயங்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆள்கிறது. பக்கத்துக்கு 4,096 பைட். நம் சூரியப் படத்தின் ஒரு வரிக்கு 8,192 பைட் வேண்டும், அதாவது சரியாக இரண்டு பக்கம். 4,096 வரிக்கு 8,192 பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் ஒரு பக்கக் குறிப்பு வைத்திருக்கிறது: இது யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், பூட்டப்பட்டிருக்கிறதா, எழுதப்பட்டு இன்னும் வட்டுக்குப் போகாமல் இருக்கிறதா என்றெல்லாம். 64 பிட் கணினிகளில் அந்தக் குறிப்பின் அளவு பொதுவாக 64 பைட். படத்தின் 8,192 பக்கங்களுக்கு 5,24,288 பைட், அதாவது 512 கேபி. எட்டு ஜிபி முழுவதற்கும் 20,97,152 பக்கங்கள். அவற்றின் குறிப்புகள்தான் முதலில் சொன்ன 128 எம்பி. ஒரு டெராபைட் நினைவகம் கொண்ட பெரிய சேவையகத்தில் இதே குறிப்புகள் 16 ஜிபி ஆகின்றன. ஒன்றரை விழுக்காடு என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. 16 ஜிபியைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தால் தெரியும்.

அந்த 64 பைட்டும் சும்மா எழுதிவைத்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பூட்டு, 'அழுக்கு' (எழுதப்பட்டு இன்னும் வட்டுக்குப் போகாத நிலை) போன்ற ஆம்-இல்லைச் செய்திகளுக்கு ஆளுக்கொரு பிட்தான். பக்கம் எந்த நினைவக மண்டலத்தைச் சேர்ந்தது என்பதும் அந்தப் பிட்கள் இருக்கும் அதே எண்ணின் மேல் பிட்களில் செருகப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் கோப்பின் பகுதியாக இருக்கும்போது சில பைட்டுகளுக்கு ஒரு பொருள். கெர்னலின் சொந்தப் பொருட்களை வைக்கப் பயன்படும்போது அதே பைட்டுகளுக்கு வேறு பொருள். சி மொழியில் யூனியன் எனப்படும் இந்த ஏற்பாட்டைப் பொதுவிடம் என்று சொல்லலாம். இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் தேவைப்படாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இது செல்லும்.

அடுத்தது இயக்கியின் சொந்தக் குறிப்புகள். கேமராவைக் கணினியோடு இணைக்கும் அட்டை, செயலியைத் தொந்தரவு செய்யாமல் படத்தைத் தானே நினைவகத்தில் எழுதும். இதற்கு நேரடி நினைவக அணுகல், சுருக்கமாக டிஎம்ஏ. எங்கே எழுதுவது என்று அட்டைக்குச் சொல்ல வேண்டியது இயக்கியின் பொறுப்பு. 32 எம்பி ஒரே துண்டாகக் கிடைத்தால் ஒரு முகவரி சொன்னால் போதும். கிடைக்காது. லினக்ஸின் வழக்கமான பக்க ஒதுக்கீட்டில், இன்டெல் வகைக் கணினிகளில், ஒரே துண்டாகக் கேட்கக்கூடிய உச்சம் நெடுங்காலமாக 4 எம்பிதான். பல மணி நேரம் ஓடிய கணினியில் அதுவும் அரிது. காலிப் பக்கங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே இயக்கி ஒரு சிதறல் பட்டியல் தயாரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவு. பதிவுக்குள் என்னென்ன புலங்கள் இருக்கின்றன? பக்கக் குறிப்பின் முகவரி 8 பைட், பக்கத்துக்குள் தொடக்கம் 4, நீளம் 4, அட்டை பார்க்கும் முகவரி 8, அட்டைக்கான நீளம் 4. கூட்டினால் 28. ஆனால் கெர்னலில் அளந்தால் ஒரு பதிவு 32 பைட் என்று காட்டும். நான்கு பைட் எங்கிருந்து வந்தது?

கொடை ரோடு நிலையத்தில் நிற்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸின் படுக்கை வகுப்புப் பெட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை: எதிரெதிரே ஆறு, பக்கவாட்டில் இரண்டு. எட்டு பேர் கொண்ட குடும்பம் ஒரே தடுப்பில்தான் ஏறும், இரண்டு தடுப்புகளில் பிரிந்து உட்காராது, பின்னால் வருபவர் யாரும் முன் தடுப்புக்குத் திரும்பவும் கூடாது என்று விதி வைத்துக்கொள்வோம். முதல் தடுப்பில் ஒற்றைப் பயணி ஒருவர் ஏறிவிட்டார். அடுத்து எட்டு பேர் குடும்பம் வருகிறது. அவர்கள் இரண்டாம் தடுப்புக்குப் போக வேண்டும்; முதல் தடுப்பில் ஏழு படுக்கை காலியாகவே பயணம் செய்யும். அடுத்து இன்னொரு ஒற்றைப் பயணி மூன்றாம் தடுப்பில் ஏறுகிறார், பின்னாலேயே இன்னோர் எட்டு பேர். மறுபடியும் ஏழு காலி. மொத்தப் பயணிகள் 18 பேர், பிடித்த இடம் 32.

செயலி நினைவகத்தைப் படிப்பதும் இப்படித்தான். 8 பைட் எண் ஒன்று, எட்டின் மடங்கான முகவரியில் தொடங்கினால் ஒரே மூச்சில் கிடைக்கும். நடுவில் தொடங்கினால் சில செயலிகள் மெதுவாகும், சில மறுத்தே விடும். ஆகவே சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி 8 பைட் எண்ணை எட்டின் மடங்கிலும், 4 பைட் எண்ணை நான்கின் மடங்கிலும், 2 பைட் எண்ணை இரண்டின் மடங்கிலும் கொண்டுபோய் வைக்கிறது. இதை எல்லைப் பொருத்தம் என்போம். பொருத்துவதற்காக நடுவே விடும் காலி பைட்டுகளை ஓட்டை என்போம். ஒரே வகைப் பதிவுகள் வரிசையாக நிற்கும்போது அடுத்த பதிவும் எட்டின் மடங்கில் தொடங்க வேண்டும். ஆகவே 28 பைட் பதிவின் வாலிலும் நான்கு பைட் ஓட்டை விழுகிறது. அதுதான் 32.

இந்த ஓட்டையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 2022-இல் சிதறல் பட்டியலில் ஒரு புதுச் செய்தி சேர்க்க வேண்டி வந்தது: ஒரு சாதனம் முதன்மை நினைவகத்தைத் தொடாமல் இன்னொரு சாதனத்துக்கு நேரே தரவை அனுப்பும் துண்டா இது என்ற குறி. எல்லா இயக்கிகளும் பயன்படுத்தும் பதிவை வளர்த்தால் உலகத்து லினக்ஸ் கணினிகள் எல்லாம் விலை கொடுக்கும். புதிய நான்கு பைட் புலம் அந்த வால் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. 64 பிட் கணினிகளில் பதிவின் அளவு 32 ஆகவே நின்றது.

அதற்கும் முன்பே, 2007-இல், யென்ஸ் ஆக்ஸ்போ நீண்ட சிதறல் பட்டியல்களைச் சங்கிலியாகக் கோக்கும் வழியைக் கெர்னலில் சேர்த்தபோது இன்னும் நுட்பமான ஒரு மிச்சம் நடந்தது. 8,192 பதிவுகளின் பட்டியலே 256 கேபி. அதையும் ஒரே துண்டாகக் கேட்பது கடினம். ஆகவே ஒரு பக்கத்துக்கு 128 பதிவு என்று வெட்டி, ஒவ்வொரு துண்டின் கடைசிப் பதிவும் அடுத்த துண்டைக் காட்டும்படி செய்கிறார்கள். இந்தப் பதிவு தரவைக் காட்டுகிறதா, அடுத்த துண்டைக் காட்டுகிறதா, பட்டியல் இங்கே முடிகிறதா? இவற்றைக் குறிக்கத் தனிப் புலம் சேர்க்கவில்லை. பக்கக் குறிப்பின் முகவரி எல்லைப் பொருத்தத்தால் எப்போதும் நான்கின் மடங்காகத்தான் இருக்கும். அப்படியானால் இரும எண்ணில் அதன் கடைசி இரண்டு பிட்டும் எப்போதும் பூஜ்யம். எப்போதும் பூஜ்யமாக இருக்கும் பிட் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. அந்த இரண்டு பிட்டுகளிலேயே 'சங்கிலி', 'முடிவு' என்ற இரண்டு குறிகளையும் வைத்துவிட்டார்கள். எல்லைப் பொருத்தம் ஓரிடத்தில் எடுத்துக்கொண்டதை வேறிடத்தில் திருப்பித் தந்தது.

இவை கெர்னல் எல்லோருக்கும் பொதுவாகத் தரும் கட்டமைப்புகள். இயக்கி எழுதுபவர் தாமாக ஒன்றை உருவாக்கும்போதுதான் தவறுகள் மலிகின்றன. ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் இயக்கி தனக்கென்று சில செய்திகளை வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம்: பயன்பாட்டில் உள்ளதா (1 பைட்), முகவரி (8), நிலை (1), நீளம் (4), முறை (1), எழுதி முடிந்த நேரம் (8). எழுதுபவரின் மனத்தில் செய்திகள் தோன்றிய வரிசை அது. உண்மையான செய்தி 23 பைட். பிடிக்கும் இடம் 40: முதல் பைட்டுக்குப் பின் ஏழு, நிலைக்குப் பின் மூன்று, முறைக்குப் பின் மறுபடி ஏழு, ஆக 17 பைட் ஓட்டை. இப்போது எட்டு பைட் புலங்கள் இரண்டையும் முதலில் வையுங்கள், பிறகு நீளம், கடைசியில் ஒற்றை பைட்டுகள் மூன்று. மொத்தம் 24, வாலில் ஒரே ஒரு பைட் ஓட்டை. ஒரு செய்தியும் இழக்கப்படவில்லை, நிரலின் நடத்தை இம்மியும் மாறவில்லை. ஒரு படத்தின் 8,192 பக்கங்களுக்கு 3,27,680 பைட் என்றிருந்தது 1,96,608 ஆகிறது. 128 கேபி மிச்சம்.

128 கேபி என்ன பெரிது என்று தோன்றலாம். சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' செயலிக் குடும்பத்தில் லினக்ஸ் ஓட்டும் வலுவுள்ள வகுப்பும் உண்டு; சிறு கருவிகளுக்குள் பொருத்துவதற்கான 'ஈ' வகுப்பும் உண்டு. இந்தச் சின்ன வகைச் செயலிகள் உலகெங்கும் கிலோபைட் கணக்கில் எண்ணக்கூடிய நினைவகத்தோடுதான் வாழ்கின்றன. அங்கே 128 கேபி என்பது பல நேரங்களில் மொத்தச் சொத்து. பெரிய கணினியிலும் இதற்கு வேறொரு பயன் இருக்கிறது, அது நேரம். செயலி நினைவகத்தை 64 பைட் துண்டுகளாகத் தன் அருகிலுள்ள கேஷ் எனும் இடைநினைவகத்துக்கு இழுத்துக்கொள்கிறது. பட்டியல் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க 40 பைட் பதிவுகள் என்றால் 5,120 துண்டுகளை இழுக்க வேண்டும். 24 பைட் என்றால் 3,072 போதும். ஓட்டைகளையும் சேர்த்துத்தான் செயலி சுமந்து வருகிறது.

இவ்வளவு எளிதென்றால் தொகுப்பியே வரிசையை மாற்றிவிடக் கூடாதா? சி மொழியின் விதி அனுமதிப்பதில்லை: புலங்கள் எழுதப்பட்ட வரிசையிலேயே நினைவகத்தில் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. இயக்கியின் சில கட்டமைப்புகளை எதிர்ப்பக்கத்தில் வன்பொருளும் படிக்கிறது. 'ஐந்தாவது பைட்டில் நீளம்' என்று அட்டையின் சில்லில் செதுக்கப்பட்டிருந்தால் தொகுப்பி தன் விருப்பத்துக்கு நகர்த்த முடியாது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலுக்குள் ரஸ்ட் மொழிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ரஸ்டின் இயல்பான கட்டமைப்புகளில் தொகுப்பியே புலங்களை இடம் மாற்றி ஓட்டையைக் குறைக்கலாம். வன்பொருளோடு பகிர வேண்டியவற்றுக்கு மட்டும் சி மொழியின் வரிசை வேண்டும் என்று எழுதுபவர் சொல்லிவிடுகிறார். சரியான ஏற்பாடு என்பேன். இயந்திரம் பிழையின்றிச் செய்யக்கூடியதை மனிதர் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதில்லை.

ஓட்டைகள் இருப்பது நமக்கு எப்படித் தெரிகிறது? மூல நிரலைப் பார்த்தால் தெரியாது. அங்கே புலங்கள் அடுத்தடுத்து நெருக்கமாகத்தான் எழுதியிருக்கும். பிரேசில் நாட்டு நிரலாளர் அர்னால்டோ கார்வாலோ டி மெலோ 2007-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் பாஹோல் என்ற கருவியை விவரித்தார். தொகுப்பி ஒரு நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது, பிழை தேடுபவர்களுக்காக ஒவ்வொரு புலமும் எத்தனையாவது பைட்டில் வைக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேட்டால் எழுதித் தரும். டுவார்ஃப் என்பது அந்த விவரத்தின் வடிவம். பாஹோல் அதைப் படித்து, கட்டமைப்பை மறுபடி அச்சிட்டு, ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் 'இங்கே இத்தனை பைட் ஓட்டை' என்று குறிக்கிறது. எங்கே ஒரு 64 பைட் துண்டு முடிகிறது என்றும் காட்டுகிறது. ஊகத்துக்கு வேலை இல்லை. தொகுப்பி உண்மையில் என்ன செய்தது என்பதற்கு அது தானே எழுதிய சாட்சி.

ஆனால் பாஹோல் காட்டும் மிச்சம் எல்லாம் மிச்சம் ஆகிவிடாது. நம் 40 பைட் பதிவுகளை வரிசையாக அடுக்காமல் ஒவ்வொன்றாகக் கெர்னலிடம் கேட்டு வாங்கினால், கெர்னல் 40 பைட் தராது. பொதுத் தேவைக்கு அது வைத்திருக்கும் அளவுகள் 8, 16, 32, 64, 96, 128, 192 என்று போகும். 40 கேட்டவருக்கு 64 கிடைக்கும். வேறொரு பதிவைப் பெரும்பாடுபட்டு 56-இலிருந்து 40 ஆக்கினாலும் 64தான். ஒரு பைட்கூட மிஞ்சவில்லை. நம் 40-ஐ 24 ஆக்கினால் 32-க்குள் வந்துவிடும், பதிவுக்கு 32 பைட் மிஞ்சும். ஒரே அளவுப் பொருட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்படும் இயக்கிகளுக்குக் கெர்னல் அந்த அளவுக்கே தனிக் கையிருப்பு ஒன்றை அமைத்துத் தரும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக் 1994-இல் சன்ஓஎஸ் 5.4-க்காக விவரித்த ஸ்லாப் ஒதுக்கீடுதான் இதன் தோற்றுவாய். அதில் 40 பைட் பொருட்கள் ஒரு பக்கத்துக்கு 102 போகும், 24 பைட் என்றால் 170. உண்மையில் எத்தனை பொருள், எத்தனை பக்கம் என்பதை ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே ஸ்லாப்இன்ஃபோ என்ற கோப்பில் காட்டுகிறது. மாற்றத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அதைப் பார்க்காமல் 'மிச்சம் பிடித்தேன்' என்று சொல்வதற்கில்லை.

இறுக்கியதால் விளைந்த கேடுகளும் உண்டு. இரண்டு செயலிக் கருக்கள் தத்தம் எண்ணை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தாலும், இரண்டு எண்ணும் ஒரே 64 பைட் துண்டில் இருந்தால், துண்டு முழுவதும் இரண்டுக்கும் நடுவே ஓயாமல் பறிபோகும். இதைப் போலிப் பகிர்வு எனலாம். வேகமான வலையட்டை இயக்கிகளில் அனுப்பும் பக்கத்து எண்களுக்கும் பெறும் பக்கத்து எண்களுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓட்டை விட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அடைக்கப் போனால் நினைவகம் மிஞ்சும், வேகம் போய்விடும்.

ஆம்-இல்லைச் செய்திகளை ஆளுக்கொரு பிட்டாகச் சுருக்கும்போது ஆபத்து இன்னும் ஆழம். செயலியால் ஒரு பிட்டை மட்டும் எழுத முடியாது. சுற்றியுள்ளவற்றையும் சேர்த்துப் படித்து, ஒரு பிட்டை மாற்றி, எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறது. அந்த இடைவெளியில் வேறொரு கரு பக்கத்துப் பிட்டை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் அழிந்துபோகும். 2012-இல் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இதைவிட விசித்திரமான ஒன்றை கெர்னல் நிரலாளர் யான் காரா வெளிப்படுத்தினார். சில செயலிகளில் ஜிசிசி தொகுப்பி ஒரு பிட் புலத்தை மாற்ற எட்டு பைட்டையும் படித்து எழுதியது. அந்த எட்டு பைட்டுக்குள் பக்கத்தில் இருந்த பூட்டும் அடக்கம். பூட்டைத் தொடாத நிரல், பூட்டின் மதிப்பைப் பழையதாக்கிவிட்டது. எழுதியவர்மேல் தவறில்லை, நெருக்கமாக வைத்தவை ஒன்றையொன்று கெடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டைகளே வேண்டாம் என்று தொகுப்பிக்குக் கட்டளையிடும் வழியும் உண்டு. வன்பொருள் கேட்கும் இடத்தில் அது தேவை. மற்ற இடங்களில் அதைத் தெளிப்பது, ஒவ்வொரு எண்ணையும் பைட் பைட்டாகப் பொறுக்கும் நிரலில் கொண்டுபோய் விடலாம்.

இதுவரை பதிவின் அளவைக் குறைத்தோம். பெரிய மிச்சம் பதிவுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. இன்டெல் வகைச் செயலிகள் 4,096 பைட் பக்கத்தோடு 2 எம்பி பெரும்பக்கத்தையும் அறியும். கணினி தொடங்கும்போதே, நினைவகம் இன்னும் சிதறாத நேரத்தில், சில பெரும்பக்கங்களை ஒதுக்கி வைத்துவிடலாம். 32 எம்பி சூரியப் படத்துக்குப் பதினாறு பெரும்பக்கம் போதும். சிதறல் பட்டியலில் 8,192 பதிவு இருந்த இடத்தில் பதினாறு. 256 கேபி இருந்த இடத்தில் 512 பைட். நாம் புலங்களை இடம் மாற்றிச் சுருக்கிய பதிவுகளும் துண்டுக்கு ஒன்று என்றானால் 384 பைட்டில் முடிந்துவிடும். இதை முதலில் செய்திருந்தால் 40-ஐ 24 ஆக்கும் வேலைக்கே அவசியம் குறைந்திருக்கும். இயக்கி எழுதும் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பதிவு எத்தனை பைட் என்று கேட்பதற்கு முன் எத்தனை பதிவு என்று கேளுங்கள்.

பெரும்பக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மூன்று கேபி தரவுக்கு 2 எம்பி கொடுத்தால் வீண் பலநூறு மடங்கு. சூரியப் படம் போல் பெரிதாக, ஒரே அளவில், திரும்பத் திரும்ப வருவதற்குத்தான் அது.

பக்கக் குறிப்புகளின் 512 கேபி இன்னும் அப்படியே இருக்கிறது. பெரும்பக்கத்துக்குள்ளும் 512 சிறு பக்கங்கள் உண்டு, அவற்றின் குறிப்புகள் 32 கேபி, அதாவது எட்டுப் பக்கம். ஆனால் பெரும்பக்கத்தின் செய்தி முழுவதும் தொடக்கக் குறிப்புகளிலேயே இருக்கிறது. பின்னால் வருபவை எல்லாம் 'தலைவர் அங்கே' என்று ஒன்றுபோலச் சொல்பவை. முச்சுன் சோங் 2021-இல் கெர்னலில் சேர்த்த மாற்றம், ஒன்றுபோல் இருக்கும் அந்தப் பக்கங்களை எல்லாம் ஒரே பக்கத்தின் பிரதிகளாகக் காட்டிவிட்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. முதலில் எட்டில் ஆறு மிஞ்சியது, பிறகு ஏழு. ஒதுக்கி வைத்த பெரும்பக்கங்களுக்கு மட்டும் இது பொருந்தும். நம் படத்துக்கு 512 கேபி 64 கேபி ஆகிறது.

பெரும்பக்கமாக இல்லாத சாதாரணப் பக்கங்களுக்கு கெர்னல் நிரலாளர் மாத்யூ வில்காக்ஸும் மற்றவர்களும் வேறு வழியில் போகிறார்கள். பக்கத்துக்கு 64 பைட் குறிப்பு என்பதை விட்டு, பக்கத்துக்கு 8 பைட் மட்டும் வைத்து, அது அந்தப் பக்கக் கூட்டத்துக்கே பொதுவான ஒரு குறிப்பைக் காட்டட்டும் என்பது திட்டம். ஃபோலியோ என்ற பெயரில் இதன் முதல் பகுதி சில ஆண்டுகளாகக் கெர்னலில் இருக்கிறது. பக்கக் குறிப்பை நேரடியாகத் தொடும் இயக்கிகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருப்பதால் வேலை மெல்ல நடக்கிறது. முடிந்தால் ஒரு டெராபைட் சேவையகத்தின் 16 ஜிபி, 2 ஜிபியும் பொதுக் குறிப்புகளுமாகக் குறையும்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். இப்போதைய பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் கெர்னல் தன் கட்டமைப்புகளின் வரைபடத்தைத் தன்னோடே வைத்திருக்கிறது. டுவார்ஃப் வடிவில் நூறு எம்பிக்கு மேல் போகும் அந்த விவரம், ஒரே செய்தி இரண்டு முறை வராதபடி களையப்பட்டு, பிடிஎஃப் என்ற வடிவில் சில எம்பிக்குள் அடங்குகிறது. பாஹோலை நிறுவி, சிதறல் பட்டியல் பதிவான ஸ்கேட்டர்லிஸ்ட் என்ற கட்டமைப்பின் பெயரைக் கொடுத்தால், 2022-இல் ஓட்டைக்குள் குடியேறிய நான்கு பைட் புலம் உங்கள் கெர்னலில் இருக்கிறதா, இன்னும் ஓட்டையாகவே கிடக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.